குளித்தால் இரண்டு பொத்தான்

மனிதர்களை எடை போடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அப்துல் லத்தீப் இருபத்தாறு வருடமாக நம்பி வந்தார். சைகோனில் கடை வைத்திருந்தபோது, வாசல்படி ஏறுகிற காலைப் பார்த்தே இன்னார் வாங்குவார், இன்னார் தடவிப் பார்த்துவிட்டுப் போவார் என்று சொல்லிவிடுவாராம். இதற்குச் சாட்சி அவர் ஒருவர்தான். அப்பேர்ப்பட்ட மேதாவி கடையை மூடிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறும்போது, காரைக்காலில் பொத்தானுக்குப் பஞ்சம் என்று எவனோ சொன்னதை நம்பி, மூன்று டிரங்குப் பெட்டி நிறையச் சிப்பிப் பொத்தானை வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். ஊரில் பாதிப் பேர் சட்டையே போடுவதில்லை. போட்டிருந்த மீதிப் பேரின் சட்டையில் பொத்தான் இருந்தது.

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் மூன்று வருடம் ஆயிற்று. மூன்று பெட்டியும் கூடத்தில் அப்படியே கிடந்தன. மனைவி ரோஷன் பேகம் ஒன்றின்மேல் வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டாள். இன்னொன்றில் மகள் ஜன்னத் உட்கார்ந்து தலை பின்னிக்கொள்வாள். யாராவது வந்து "இதுல என்ன இருக்கு?" என்று கேட்டால், லத்தீப் "சைகோன் சரக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

அந்த வீட்டில்தான் அவருடைய தம்பி மன்சூர் அலியும் இருந்தான். வயது முப்பத்திரண்டு. சைகோன் கடையில் அண்ணனுக்குத் துணையாக நின்றவன், இருபத்திமூன்றாவது வயதில் ஒருநாள், சுவருக்குள்ளிருந்து யாரோ தன் பெயரைச் சொல்லித் திட்டுவதாகச் சொன்னான். ஒன்பது வருடமாகியும் அந்தக் குரல் ஓயவில்லை. அங்கே பார்த்த டாக்டர் ஸ்கிசோஃப்ரீனியா என்று நோயின் பெயரை நீளமாகச் சொன்னார். மருந்துச் சீட்டு மட்டும் சின்னதாக இருந்தது. காரைக்காலுக்கு வந்த பிறகு மன்சூர் கிணற்றடி அறையைப் பிடித்துக்கொண்டான். குளிப்பதில்லை, சவரமில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். வாரத்தில் மூன்று நாலு தரம் வாளியைத் தூக்கித் தரையில் அடித்துக் கத்துவான்.

அதற்கு லத்தீப் ஒரு வைத்தியம் வைத்திருந்தார். தம்பி அமைதியாக இருந்தால், நல்லவேளை என்று யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. வாளிச் சத்தம் கேட்டதோ, போட்டது போட்டபடி ஓடுவார். ஒரு தட்டில் நெய் வடிய வடியத் தம்ரூட் இனிப்பு எடுத்துக்கொண்டு போய், அழுக்குப் பாயிலேயே தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "என் ராசா, என்னடா வேணும், உன் நானா, உன் அண்ணன் இருக்கேன்டா" என்று அரைமணி நேரம் முதுகைத் தடவிக் கொடுப்பார். தட்டு பிறகு காலியாக வரும். இப்படி ஒரு அண்ணன் இந்தக் காரைக்காலில் உண்டா என்று அவருக்கே தன்னை நினைத்துக் கண் கலங்கும். கிணற்றடியில் கட்டியிருந்த பக்ரீத் ஆடு, வைக்கோலைத் தவிர வேறெதையும் காணாமல் எப்படித்தான் இப்படிக் கொழுக்கிறது என்று ரோஷன் பேகம் மட்டும் அவ்வப்போது அதிசயப்படுவாள்.

வினை ஜன்னத்தின் கல்யாணப் பேச்சில் வந்தது. நாகூரில் பெரிய குடும்பம். மாப்பிள்ளையின் தகப்பனார் மீரான் மரைக்காயர் ஒரு மாதத்தில் நிச்சயத்துக்கு வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாளே ரோஷன் பேகத்தின் அண்ணன் காதர் பாட்சா வந்து முற்றத்தில் நின்றார். தங்கை குடும்பத்தின் மானம் தன் தோளில்தான் தொங்குகிறது என்று நம்புகிறவர்.

"மாப்ளே, சொன்னாக் கேளுங்க. மன்சூரைத் தெற்கே, மூளை சரியில்லாதவங்களை விடுற அந்த தர்காவுல கொண்டுபோய் விட்டுடுவோம். ஊர் உலகம் செய்றதுதானே?"

லத்தீப் அந்த இடத்தை ஒருமுறை பார்த்திருக்கிறார். வேப்பமரம், மரத்தில் சங்கிலி, சங்கிலியில் மன்சூர் வயதில் ஒரு மனிதன். கணுக்காலில் புண். அந்த மனிதன் லத்தீப்பிடம் மரியாதையாக மணி என்ன என்று கேட்டான்.

"அது மட்டும் வேணாம் மச்சான். என் உசுரு இருக்குற வரைக்கும் வேணாம்."

"அப்போ வேற என்ன செய்யப் போறீங்க? வீட்டுல ஒருத்தருக்கு மூளை சரியில்லன்னு அவங்க காதுல ஏற்கனவே விழுந்திருக்கு. பொண்ணோட சாச்சா எங்கேன்னு கேப்பாங்க."

"சபையில உக்காருவான். குளிச்சு, சட்டை போட்டு, சஹன்ல உக்காந்து நம்மகூட சாப்பிடுவான்."

ஒரே பெரிய தட்டில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து கைபோட்டுச் சாப்பிடுகிற சஹன் அது. மூன்று முழம் தள்ளி உட்கார்ந்து சமாளிக்கலாம் என்கிற பேச்சுக்கே இடமில்லை. காதர் பாட்சா இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி. அன்னிக்கு ஒரு சத்தம் வந்தாலும் மறுநாள் காலையில வாசல்ல கார் நிக்கும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் லத்தீப் தேர்ந்தவர். எப்படிச் செய்யப்போகிறோம் என்று அவருக்கு இம்மியும் தெரியாது.

வழி காட்டியவர் செல்வநாதன். சைகோனில் பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய ஆஸ்பத்திரி ஒன்றில் மனநோய் வார்டில் இருபது வருடம் ஆண் நர்ஸாக இருந்து, ஊர் திரும்பி, வீடு வீடாகப் போய் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். கோவில் தெருப் பக்கம் எல்லோருக்கும் அவர், பிரெஞ்சு மரியாதையோடு, முசியே செல்வநாதன். ரோஷன் பேகத்துக்கு ஊசி போட வந்தவர், வாளிச் சத்தத்தையும், லத்தீப் தட்டோடு ஓடியதையும், அரைமணி கழித்து வெற்றிவீரராகத் திரும்பி வந்ததையும் ஊசியைக் கழுவிக்கொண்டே பார்த்தார்.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. அவரு கத்தினா தம்ரூட் போகுது. சும்மா இருந்தா?"

"சும்மா இருக்கிறவனை எதுக்குப் போய்த் தொந்தரவு பண்ணணும்?"

"ஆக, கத்துறதுக்குக் கூலி குடுத்து ஒன்பது வருஷமா ஆளை வேலைக்கு வச்சிருக்கீங்க."

லத்தீப்புக்குச் சுருக்கென்றது. கால் பார்த்து ஆளைச் சொல்கிறவரிடம் ஊசி போடுகிறவர் சொல்கிற பேச்சா இது! ஆனாலும் யோசிக்க யோசிக்க, மனிதர் சொல்வது கணக்காகத்தான் இருந்தது.

"எங்க வார்டுல ஒரு டாக்டர் சிகரெட்டை வச்சு செஞ்சு பார்த்தாரு. நல்லது செஞ்சா அந்த நிமிஷமே கையில ஒரு அடையாளம் குடுக்கணும். அவரு அதைச் சேர்த்து வச்சு, வேணுங்கறதை வாங்கிக்கட்டும். கத்தினா திரும்பிப் பார்க்கக் கூடாது. மூணாவதுதான் முக்கியம், நல்லாக் கேட்டுக்குங்க. சொன்ன விலையை மாத்தவே கூடாது. பேரம் பேசாதீங்க."

"சுவத்துக்குள்ள பேசுற சத்தம் போயிடுமா முசியே?"

"போகும்னு நான் சொல்லல. அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே மனுஷன் குளிக்கலாம்ல?"

அடையாளத்துக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே திரும்பியவரின் கண்ணில் மூன்று பெட்டியும் பட்டன. மூன்று வருடத்தில் முதல் வாடிக்கையாளர்! ஒரு சாக்கட்டியை எடுத்து, கிணற்றடி அறைக் கதவில் பெரிய எழுத்தில் எழுதினார். பல் தேய்த்தால் ஒரு பொத்தான். குளித்தால் இரண்டு. சலவைச் சட்டை போட்டால் ஒன்று. கூடத்துக்கு வந்து எல்லோரோடும் சாப்பிட்டால் மூன்று. கீழே வாங்கக்கூடிய சரக்குகள்: காப்பி இரண்டு, சிகரெட் மூன்று, தம்ரூட் நான்கு, புதுக் கைலி இருபது. கடை திறந்த சந்தோஷத்தில் மேலே 'பிஸ்மில்லாஹ்' என்றும் எழுதினார்.

முதல் மூன்று நாள் பட்ட பாட்டை லத்தீப் பிறகு யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. தம்ரூட்டும் வரவில்லை, அண்ணனும் வரவில்லை என்றதும் மன்சூர் வாளியை உடைத்தான். லத்தீப் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி, உச்சி வெயிலில் நின்றார். பக்கத்து மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள் இவரைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கீழே கூப்பிட்டுக்கொண்டாள். நாலாம் நாள் காலை மன்சூர் கரிப்பொடியால் பல்லைத் தேய்த்துவிட்டு வந்து கையை நீட்டினான். லத்தீப் அந்தக் கையில் ஒரு பொத்தானை வைத்து, அவன் விரல்களை மடக்கி மூடிவிட்டார்.

ஆறாம் நாள் குளித்தான். எட்டாம் நாள் சட்டை. பதினைந்தாம் நாள் கூடத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டான். இடையிடையே உதடு அசையும், சுவர்ப் பக்கம் தலை திரும்பும், அவ்வளவுதான். ஜன்னத் அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதுவிட்டு வந்தாள். ஆனால் ஒரு விஷயம் யாருக்கும் விளங்கவில்லை. மன்சூர் எதையும் வாங்கவில்லை. காப்பியில்லை, சிகரெட்டில்லை, அவனுக்கு உயிர் என்று எல்லோரும் நினைத்திருந்த தம்ரூட்கூட இல்லை. பொத்தானையெல்லாம் ஒரு கைக்குட்டையில் முடிந்து தலையணைக்கடியில் வைத்துக்கொண்டான்.

"நம்ம ரத்தம்! முதலைத் தொட மாட்டான் பாரு" என்று லத்தீப் பூரித்துப்போனார்.

"அது இருக்கட்டும், ஆடு ஏங்க இப்படி இளைச்சுப்போச்சு?" என்றாள் ரோஷன் பேகம்.

இங்கேதான் மேதாவியின் மூளை வேலை செய்தது. தம்பி தினமும் குளிக்கிறான். தட்டுப்பாடாக இருந்த சரக்கு இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. தாராளமாகக் கிடைக்கிற சரக்குக்கு எந்த வியாபாரியாவது பழைய விலை கொடுப்பானா? கதவில் இருந்த இரண்டை அழித்துவிட்டு, குளித்தால் ஒன்று என்று எழுதினார். எழுதிவிட்டு ஒரு அடி தள்ளி நின்று ரசிக்கவும் செய்தார்.

மன்சூர் குளித்துவிட்டு வந்து கையை நீட்டினான். ஒரு பொத்தான் விழுந்தது. கதவைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். அந்த ஒன்றையும் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அன்று மத்தியானம் புது வாளியும் உடைந்தது. நிச்சயத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

செல்வநாதன் கதவைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "பாய், உங்ககிட்ட நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணே ஒண்ணுதான முசியே குறைச்சேன்..."

"அவருக்குச் சுவரும் பொய் சொல்லுது. நீங்களும் பொய் சொன்னா அவரு எங்க போவாரு?"

லத்தீப் அன்று சாப்பிடவில்லை. வேப்பமரத்தடி மனிதன் மணி கேட்டது திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. தம்பியைச் சங்கிலிக்கு அனுப்பப்போவது காதர் பாட்சா அல்ல, தன்னுடைய கெட்டிக்காரத்தனம்தான் என்று தெரிந்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மறுநாள் காலை, கதவில் ஒன்றை அழித்து இரண்டாக்கினார். பிறகு கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார்.

"மன்சூர், தப்பு என் மேலடா. பழைய விலைதான். இனிமே மாத்த மாட்டேன். இந்தா" என்று இருபது பொத்தானைக் கதவிடுக்கில் தள்ளினார்.

வெகுநேரம் கழித்துப் பதினெட்டுப் பொத்தான் வெளியே வந்து விழுந்தன. தனக்கு வரவேண்டிய இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தான். லத்தீப்புக்கு இதைவிட யாராவது கன்னத்தில் அறைந்திருக்கலாம் என்று தோன்றியது.

அதிலிருந்து மன்சூர் மறுபடி குளித்தான், சாப்பிட வந்தான். ஆனால் கடையில் ஒரு புது வியாபாரமும் தொடங்கியது. சாப்பாட்டில் உப்புக் கூடினால், தண்ணீர் வர நேரமானால் லத்தீப் வீடு அதிரக் கத்துவார். ஒருநாள் மீன் குழம்பில் புளி ஏறியிருந்தும், வேலைத் தொந்தரவில் மறந்துபோய்க் கத்தாமல் சாப்பிட்டு முடித்தார். மன்சூர் தன் முடிச்சை அவிழ்த்து ஒரு பொத்தானை எடுத்து அண்ணன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இது எதுக்குடா?"

"கத்தலையே நானா, அதுக்கு."

ரோஷன் பேகம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். லத்தீப்பும் சிரித்துத்தான் வைத்தார். ஆனால் கேளுங்கள் இந்த வெட்கக்கேட்டை: நாலாம் நாள், வாய் வரை வந்த வசவை விழுங்கிவிட்டு, பொத்தான் வருகிறதா என்று தம்பியின் கையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பெட்டிப் பொத்தானுக்குச் சொந்தக்காரர்!

"இன்னிக்கு எத்தனைங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ரெண்டு" என்றார் பெருமையாக. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நிச்சயத்தன்று நாகூரிலிருந்து இரண்டு கார் வந்தது. கூடத்தில் ஜமக்காளம் விரித்து, நெய்ச்சோறும் கறியும் குவித்த சஹன்கள் வந்து அமர்ந்தன. நடுச் சஹனில் மீரான் மரைக்காயர், காதர் பாட்சா, லத்தீப், மன்சூர் நாலு பேர். மன்சூர் மழித்த முகமும் வெள்ளைச் சட்டையுமாக வந்து ஸலாம் சொல்லி உட்கார்ந்தான். தன் முன்னால் இருந்த சோற்றில் மட்டும் கைவைத்து, நிதானமாகச் சாப்பிட்டான். உதடு லேசாக அசைந்தபோது ஓதுகிறான் என்று எண்ணும்படி இருந்தது.

ஆட்டம் கண்டவர் லத்தீப்தான். பதற்றத்தை மறைக்கப் பேச ஆரம்பித்தார். சைகோன் மழை, சைகோன் வாழைப்பழம், கால் பார்த்து ஆளைச் சொல்கிற தன் வித்தை, எல்லாம் வந்தது. நாகூர்க்காரர் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பியின் கை சற்றே நின்றால் லத்தீப் பாதி எழுந்திருப்பார், கை அசைந்ததும் உட்காருவார். பரிமாறுகிறவர் தாளிச்சா கொண்டுவரத் தாமதித்ததும் எல்லாமாகச் சேர்ந்து வெடித்தது.

"எங்கய்யா தொலைஞ்சீங்க எல்லாரும்! சபைக்கு முன்னாடி என் மானத்தை வாங்குறதுக்குன்னே..."

மன்சூர் இடக்கையால் அண்ணனின் மணிக்கட்டைத் தொட்டான். லத்தீப் பாதி வார்த்தையில் நிறுத்தினார். மன்சூர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிப்பிப் பொத்தானை எடுத்து ஜமக்காளத்தில் அவருக்குப் பக்கத்தில் வைத்தான். லத்தீப் பழக்க தோஷத்தில் முகம் மலர்ந்து, அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

மீரான் மரைக்காயர் இதையெல்லாம் பார்த்தார். காதர் பாட்சா பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில், ஆனால் அந்தச் சஹன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"வீட்டுல ஒருத்தருக்குச் சரியில்லன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தோம். நீங்க சங்கடப்படாதீங்க. எங்க வாப்பாவும் கடைசிப் பத்து வருஷம் இவரை மாதிரித்தான் இருந்தாங்க. ஆனா எங்களுக்கு இப்படி ஒரு தம்பி இல்ல. எவ்வளவு பக்குவமா அண்ணனைப் பார்த்துக்கிறாரு! இந்த வீட்டுப் பொண்ணை நாங்க மனசாரக் கேக்குறோம்."

காதர் பாட்சாவின் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. சம்பந்தி சொன்ன அந்த 'சரியில்லாதவர்' யார் என்று லத்தீப்புக்கு அப்போதுதான் விளங்கியது. இருபத்தாறு வருடம் கடை நடத்தியவன், மூன்று பாஷை பேசுகிறவன், நானா பைத்தியம்? 'ஐயா, அது நானில்லை' என்று மூன்று வார்த்தை போதும். மூன்றும் தொண்டைக்கு வந்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் வாசலில் காரும், வேப்பமரமும், கணுக்காலும் நின்றன.

லத்தீப் வாயைத் திறக்கவில்லை. போதாததற்கு, சம்பந்தியைப் பார்த்து அசட்டுத்தனமாக ஒரு சிரிப்பும் சிரித்து வைத்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் காதர் பாட்சா கடைசியில். கவளம் வாய்க்குப் போயிற்று.

விருந்தாளிகள் விடைபெறும்போது மீரான் மரைக்காயர் லத்தீப்பின் தோளைத் தட்டி, ஒவ்வொரு வார்த்தையாக, உரக்க, "நல்லா... ரெஸ்ட்... எடுங்க" என்றார். நாகூர் சம்பந்தி வீட்டில் இன்றுவரை அவரிடம் அப்படித்தான் பேசுகிறார்கள். காதர் பாட்சா செருப்பை மாட்டிக்கொண்டே, இவர் முகத்தைப் பார்க்காமல், "கார் வேணாம் மாப்ளே, சொல்லி அனுப்பிடுறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குச் சற்று முன்னால் மன்சூர் கிணற்றடி அறையிலிருந்து கூப்பிட்டான். கத்தவில்லை, கூப்பிட்டான். லத்தீப் போனபோது பாயில் உட்கார்ந்திருந்தான். ஐந்து பொத்தானை எடுத்து நீட்டினான்.

"எதுக்குடா இத்தனை?"

"அவங்க உங்களைச் சொன்னப்ப சும்மா இருந்தீங்களே நானா."

பிறகு தலையணைக்கடியிலிருந்து முடிச்சை எடுத்து அவிழ்த்துப் பாயில் கொட்டினான். நூற்றுக்குப் பக்கம் இருக்கும்.

"இதுக்கு என்ன கிடைக்கும்?"

லத்தீப்புக்குக் கடைக்காரர் புத்தி திரும்பிவிட்டது. "ஐயோ, இத்தனைக்கா! நாலு கைலி எடுக்கலாம்டா. தம்ரூட்டுன்னா ஒரு சட்டியே வரும்..."

"தம்ரூட் ஆட்டுக்குத்தான் பிடிக்கும்."

மன்சூர் கதவைக் காட்டினான்.

"முன்னெல்லாம் நான் கத்தினா நீங்க வந்து பக்கத்துல உக்காருவீங்களே. அது எத்தனைன்னு கதவுல எழுதவே இல்லையே நானா."

ஒன்பது வருடம். தட்டோடு ஓடி வந்த ஒவ்வொரு தடவையும் லத்தீப்புக்கு ஞாபகம் வந்தது. அவன் கேட்டுக் கேட்டுக் கத்தியது இதை. தான் கொண்டுவந்து கொடுத்தது ஆட்டுத் தீனி. அவன் அமைதியாக இருந்த நாளிலெல்லாம் இந்த அறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கடைசி ஒரு மாதத்தில், அவன் குளித்ததற்கும் சாப்பிட்டதற்கும் பொத்தானை விட்டெறிந்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்காருகிற அந்த ஒன்றையும் நிறுத்திவைத்திருந்தார். மனிதர்களை எடை போடுகிறவராம்!

பாயில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொட்டிக் கிடந்த பொத்தானையெல்லாம் இரண்டு கையாலும் வாரி அவன் பக்கமே தள்ளினார். "இதுக்கு ஒண்ணும் வேணாம்டா" என்று சொல்ல வந்தவருக்குக் குரல் உடைந்து, முப்பத்திரண்டு வயதுத் தம்பிக்கு முன்னால் நாற்பத்தெட்டு வயது அண்ணன் விக்கி விக்கி அழுதார்.

முசியே செல்வநாதன் சொன்ன சட்டம் மன்சூருக்கு நன்றாகப் பாடமாகியிருந்தது. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். லத்தீப் அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொள்ளும் வரை திரும்பியே பார்க்கவில்லை. முடித்த பிறகு திரும்பி, குவியலிலிருந்து ஒரு பொத்தானைப் பொறுக்கி அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.